குடும்பத்தோடு கடலோட ஒரு பழைய பாய்மரப் படகு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி கேட்டவர் வேளச்சேரிக்காரர். வீட்டில் அவர், மனைவி, பதினொரு வயதில் மகள், ஏழு வயதில் மகன், எழுபதைத் தொட்ட அப்பா. ஒரு கோடி ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறார். இரண்டு வருஷம் வேலையை விட்டுவிட்டு, பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி அந்தமான், தாய்லாந்து, மலேசியா என்று குடும்பத்தோடு சுற்ற ஆசை. நான்கு படுக்கையறை, நான்கு கழிப்பறை உள்ள 45 அடி படகு ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. முன்பு வாடகைக்கு ஓடியது, விலையும் மலிவு. அதை வாங்கலாமா என்று கேட்கிறார். கூடவே எந்த கம்பெனிப் படகு நல்லது, சென்னையில் கொண்டுவந்து நிறுத்தலாமா, அப்பாவையும் அழைத்துப் போகலாமா என்று மூன்று துணைக் கேள்விகள்.

அந்தப் படகு வேண்டாம். ஏன் என்பதற்கு என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வணிகக் கப்பல்களில் இன்ஜின் ரூமிலேயே காலம் தள்ளியவன். கரைக்கு வந்த பிறகுதான் பாய்மரப் பைத்தியம் பிடித்தது. மலேசியத் தீவான லங்காவியில் ஒரு 43 அடி படகைப் பார்க்க மனைவியோடு போயிருந்தேன். நான் கீழே இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். அவள் மேலே நின்று மெயின் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, "என்னங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க தூங்கும்போது காத்து ஏறினா, இந்தப் பாயை நான் ஒருத்தியா எப்படிச் சுருக்குறது?" என்றாள். தரகர் அதைப் புரிந்துகொண்டு, பாய்க்கயிற்றைச் சுற்றி இழுக்கும் மின்சார வின்ச்சைக் காட்டினார். அது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று கேட்டதற்குச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கைப்பிடியை வாங்கிச் செருகி, தானே சுற்றிப் பாயை ஏற்ற ஆரம்பித்தாள். பாதி மரம் வரை ஏறியது. அதற்குமேல் கைப்பிடி நகரவில்லை. தரகருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டோம்.

நீண்ட ஓட்டத்துக்குப் படகு பார்ப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி என் மனைவி கேட்ட அதுதான். உங்கள் குடும்பத்தில் ஐந்து பேர் என்றாலும் கடலில் வேலைக்கு ஆள் இரண்டுதான், நீங்களும் உங்கள் மனைவியும். ஒருவர் மூன்று மணி நேரமோ நான்கு மணி நேரமோ காவல் இருக்க வேண்டும், மற்றவர் தூங்க வேண்டும். தூங்குகிறவரை அடிக்கடி எழுப்பினால் மூன்றாம் நாள் இருவருக்குமே புத்தி வேலை செய்யாது, தப்பு அப்போதுதான் நடக்கும். ஆக, எந்த நேரத்திலும் அந்தப் படகை ஓட்டுவது ஒரே ஒரு ஆள். உங்கள் இருவரில் பலம் குறைந்தவர் யாரோ, அவர் கைக்கு அடங்குகிற படகை வாங்குங்கள்.

45 அடி என்பது 38 அடியைவிட ஏழு அடிதானே கூட என்று தோன்றும். நீளம் 18 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் அகலமும் உயரமும் சேர்ந்தே வளர்வதால் எடை ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். பாய், கயிறு, நங்கூரம், பெயின்ட், கரையேற்றும் கூலி எல்லாமே அந்த எடைக்குப் பின்னால்தான் ஓடும். நங்கூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிமீட்டர் சங்கிலி ஒரு மீட்டருக்கு இரண்டேகால் கிலோ வரும். 20 மீட்டர் ஆழத்தில் நிற்கும்போது சங்கிலியைத் தூக்கும் மின்சார விண்ட்லஸ் கெட்டுவிட்டால், தொங்குகிற சங்கிலி மட்டுமே 45 கிலோ. அதன் நுனியில் 20 கிலோ நங்கூரம். காற்று அடிக்கும் காலையில், பாறைக்குப் பக்கத்தில், அதை இழுத்துப் பார்த்தவர்கள் பெரிய படகுக்கு ஆசைப்படுவதில்லை. நான் ஒரு முறை இழுத்திருக்கிறேன். முதுகு இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது.

நான்கு அறை இருந்தால் தாராளமாக இருக்கலாமே என்பீர்கள். துறைமுகத்தில் இருக்கலாம். ஓடும் படகில் முன்பக்க அறையில் யாராலும் படுக்க முடியாது. அணியம், அதாவது படகின் முன்முனை, அலையில் ஏறி ஏறி விழும்போது படுத்திருப்பவர் அந்தரத்தில் மிதந்து மெத்தையில் விழுவார். கடலில் எல்லோரும் நடுக்கூடத்துக்கு வந்துவிடுவார்கள், ஏனென்றால் ஆட்டம் குறைவான இடம் அதுதான். அங்கே நீளமான நேர் பெஞ்சு இரண்டு இருக்கிறதா, படகு சாயும்போது உருண்டு விழாமல் ஏணை மாதிரி துணித் தடுப்பு கட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அழகாக வளைந்த சோபாவில் உட்காரலாம், தூங்க முடியாது. நான்கு கழிப்பறை பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் உள்ளே வர ஒரு ஓட்டை, வெளியே போக ஒரு ஓட்டை. நீர்மட்டத்துக்குக் கீழே எட்டு ஓட்டை போட்ட படகில் பிள்ளைகளை ஏற்றுவானேன்?

சரி, எந்த கம்பெனி? எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், எனக்கு அலுப்பூட்டுவதும் இதுதான். 36 முதல் 40 அடிக்குள் ஹால்பெர்க்-ராசி, மூடி, நயாட் போன்றவை கனமாகக் கட்டப்பட்டவை, ஆட்டம் மெதுவாக இருக்கும், விலை கூட. தைவானில் கட்டிய டயானா 37 உறுதியானது, ஆனால் தேக்குத் தளமும் இரும்பு டீசல் டேங்க்கும் பல படகுகளில் தொல்லை கொடுக்கும். பெனிட்டோ, ஜானோ, பவேரியா எல்லாம் தொழிற்சாலையில் வரிசையாக வார்த்தவை. லேசானவை, கப்பல்காரர்கள் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். ஆனால் அவற்றில் குடும்பத்தோடு உலகைச் சுற்றியவர்கள் நிறைய. சொந்தக்காரர் ஒருவரே வைத்து ஓட்டிய, இரண்டோ மூன்றோ அறை உள்ள 38 அடி பெனிட்டோவை, யாரும் கவனிக்காமல் கிடந்த ஹால்பெர்க்-ராசிக்கு முன்னால் நான் தேர்ந்தெடுப்பேன். ஆமெல் சூப்பர் மராமு ஒன்று மட்டும் விதிவிலக்கு. 53 அடி என்றாலும் இரண்டு பேர் ஓட்டுவதற்கென்றே யோசித்து வரைந்த படகு. உங்கள் பணத்துக்குள் நல்லதாக ஒன்று கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் அதில் பாயைச் சுருக்கும் மின்மோட்டார்களைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆள் வீட்டில் இருக்க வேண்டும்.

இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் பற்றிக் கேட்பீர்கள். பெயரே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான், பெருமைப்பட்டுக்கொள்ளலாம். சாயாது, பிள்ளைகளுக்குச் சுகம். ஆனால் ஒரு கோடிக்குள் வருவது பெரும்பாலும் வாடகையில் அடிபட்டதாக இருக்கும். இன்ஜின் இரண்டு, செலவும் இரண்டு. விட்டுவிடுங்கள்.

கம்பெனிப் பெயரைவிட எனக்கு முக்கியம் அடிப்பகுதி. லங்காவியில் ஒரு யார்டில் மலேசியத் தமிழர் ஒருவர் படகு அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு படகின் மேல்தளத்தை வியந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "அண்ணே, மேல பாத்து ஆசப்படாதீங்க, கீழ வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். படகு கவிழாமல் பிடிக்க அடியில் தொங்கும் கனமான கீலும் உடலும் சேருகிற கோட்டில், முன் ஓரத்தில், மயிரிழை போல ஒரு விரிசல். அதன் வழியே துருநீர் கசிந்து காய்ந்திருந்தது. அந்தப் படகு எங்கேயோ வேகமாகத் தரை தட்டியிருக்கிறது. விற்பவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கீலை நம் கரையில் ஏரா என்பார்கள். தூத்துக்குடித் தோணியில் ஏரா என்பது முதன்முதலில் வைக்கிற நெடுங்கட்டை, மற்ற மரமெல்லாம் அதன்மேல்தான் எழும்பும். இன்றைய ஃபைபர் படகில் கதை வேறு. ஈயத்திலோ வார்ப்பிரும்பிலோ செய்த டன் கணக்கான எடை, போல்ட்டுகளில் தொங்குகிறது. 2014 மே மாதம் சீக்கி ராஃபிக்கி என்ற 40 அடிப் படகு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது, அதில் இருந்த நான்கு பேரும் போய்விட்டார்கள். முன்பு தரை தட்டியதும் அதற்குப் பிறகு செய்த பழுதுபார்ப்பும் கட்டுமானத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது. அதனால் விற்பவரிடம் தரை தட்டியதுண்டா என்று நேராகக் கேளுங்கள். உள்ளே தரைப்பலகையைத் தூக்கி, கீல் போல்ட்டுகளைச் சுற்றிய ஃபைபர் சட்டகத்தில் விரிசல் இருக்கிறதா, புதுப் பெயின்ட் சந்தேகப்படும்படி அடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கரையேற்றிப் பார்க்காமல் எந்தப் படகுக்கும் ஒரு ரூபாய்கூட மீதிப்பணம் கொடுக்கக் கூடாது.

மேல்தளத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடி போதும். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே வேலைதான். தளம் பெரும்பாலும் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா மரம் வைத்தது. தட்டிக்கொண்டே போங்கள். 'டொக் டொக்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'பொத் பொத்' என்று மாறினால் உள்ளே தண்ணீர் இறங்கி மரம் ஊறிவிட்டது. தேக்கு ஒட்டிய தளமாக இருந்தால் பல நூறு ஸ்க்ரூ இறக்கியிருப்பார்கள், ஒவ்வொன்றும் தண்ணீருக்கு ஒரு வழி. தேக்கு பார்க்க அழகு. நம் வெயிலில் வெறுங்காலோடு நின்றால் தெரியும் அதன் அழகு.

அப்புறம் சீகாக். உடலில் உள்ள ஒவ்வொரு ஓட்டைக்கும் உள்பக்கம் ஒரு வால்வு இருக்கும். சிலவற்றை மலிவுப் பித்தளையில் செய்திருப்பார்கள். கடல்நீர் பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தை மெல்லத் தின்றுவிடும், மிச்சம் இருப்பது பஞ்சு மாதிரி செம்பு. இதைக் கண்டுபிடிக்க நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் போதும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் மஞ்சளாக மின்னும். வால்வைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்து, மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அது செத்த பித்தளை. நான் ஒரு முறை அப்படி ஒன்றின் பிடியைத் திருப்பினேன், பிடியோடு வால்வின் தலையும் கையில் வந்துவிட்டது. படகு கரையில் ஏறி நின்றதால் தப்பித்தோம், இல்லையென்றால் துணியை அடைத்துக்கொண்டு ஆளைக் கூப்பிட்டிருப்போம்.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளுக்கு ஆயுள் பத்திலிருந்து பதினைந்து வருஷம். கடைசியாக எப்போது மாற்றினீர்கள், ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். "நல்லாத்தான் இருக்கு" என்ற பதில் ரசீது ஆகாது. பல காப்பீட்டு நிறுவனங்களும் இதே கேள்வியைக் கேட்கும். அந்தக் கம்பிகள் உடலோடு சேரும் செயின்பிளேட் என்ற பட்டைகள் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கதவைக் கழற்றிப் பாருங்கள். மரப்பலகையில் பழுப்பாகக் கண்ணீர் வழிந்த கோடு இருந்தால், தளத்துக்கு உள்ளே மறைந்திருக்கும் எஃகு அரிக்கிறது என்று அர்த்தம். காற்று புகாத ஈரத்தில்தான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அரித்து விரிசல் விடும், வெளியே பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இன்ஜினுக்கு வந்தால் என் பேட்டை. விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், நான் வருவதற்கு முன் இன்ஜினை ஓட்டாதீர்கள் என்று. படகில் ஏறியதும் முதல் வேலையாக இன்ஜின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களிடம் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் இரண்டு மூன்று சுற்றில் பிடிக்க வேண்டும். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்புப்புகை என்றால் காற்றோட்டம் அடைபட்டிருக்கிறது, அல்லது புரொப்பெல்லரில் சிப்பி ஏறியிருக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று சந்தேகப்படுங்கள். பிறகு கியரில் போட்டு முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். பாதி வேகத்தில் சமர்த்தாக இருக்கும் இன்ஜின் முழு வேகத்தில் வெப்பமானியை ஏற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். 20 வருஷ இன்ஜினில் பத்தாயிரம் மணி நேரம் ஓடியிருந்தால் பயப்படுவதைப் போலவே, இருநூறு மணி நேரம்தான் ஓடியிருந்தாலும் பயப்படுங்கள். ஓடாத டீசல் இன்ஜின் உட்கார்ந்த இடத்திலேயே துருப்பிடிக்கும். செய்ல்டிரைவ், அதாவது இன்ஜினிலிருந்து படகின் அடி வழியாக நேரே இறங்கும் புரொப்பெல்லர் கால், உள்ள படகென்றால் அடியில் ஒரு பெரிய ரப்பர் வளையம்தான் கடலைத் தடுத்து நிற்கிறது. வால்வோ பென்டா அதை ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. டேங்க்கின் அடியிலிருந்து ஒரு பாட்டில் டீசல் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புத் திப்பி மிதந்தால், அலை ஆட்டும் முதல் நாளே ஃபில்டர் அடைத்து இன்ஜின் நின்றுவிடும். அது பெரும்பாலும் துறைமுக வாயிலில்தான் நிற்கும்.

இவ்வளவையும் நீங்கள் பார்த்தாலும், படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரைத் தனியாக வையுங்கள், தரகர் சொல்கிற சர்வேயரை அல்ல. நீங்கள் பார்ப்பது எந்தப் படகுக்கு சர்வேயர் கூலி கொடுக்கலாம் என்று வடிகட்டத்தான்.

வெள்ளோட்டத்துக்கு ஒரு மணி நேரம் தருவார்கள். அதில் நீங்கள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்காதீர்கள். மனைவியிடம் படகைக் கொடுத்துவிட்டு நீங்கள் கீழே போய்ப் படுங்கள். அவர் தனியாகப் பாயைச் சுருக்கட்டும். கயிறெல்லாம் சுக்கான் இருக்கும் காக்பிட்டுக்கே வருகிறதா, பாய்மரத்தடிக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறதா என்பது அப்போது தெரியும். பிறகு படகு சாய்ந்து ஓடும்போதே யாராவது ஒருவர் உப்புமா கிண்டிப் பாருங்கள். அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடித் தன்னை நேராக வைத்துக்கொள்கிறதா, சமைப்பவர் இடுப்பை முட்டுக்கொடுத்து நிற்க இடம் இருக்கிறதா? பிரஷர் குக்கர் கட்டாயம் இருக்கட்டும். மூடி பூட்டிக்கொள்வதால் கவிழ்ந்தாலும் கொதிக்கும் கஞ்சி பிள்ளை மேல் கொட்டாது. நான் பார்த்த வெள்ளைக்காரப் படகுக்காரர்கள்கூட இதில் நம் கட்சிதான். சிலிண்டர் மட்டும் வெளியே, அடியில் கடலுக்கு வடிகால் உள்ள தனிப்பெட்டியில் இருக்க வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடிவயிற்றில் தேங்கிப் பொறிக்காகக் காத்திருக்கும்.

இனி எங்கே வாங்குவது, எங்கே நிறுத்துவது. சென்னையில் நிறுத்துவதை மறந்துவிடுங்கள். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911லிருந்து துறைமுகத்துக்குள் இருக்கிறது, தமிழ்நாடு செய்லிங் சங்கமும் இருக்கிறது. ஒலிம்பிக் போன நேத்ரா குமணன் இந்த ஊர்த் தண்ணீரில் பழகியவர்தான். ஆனால் குடும்பத்தோடு தங்கியிருக்கும் கடலோடிப் படகைக் கட்டி வைக்க மரினா என்று ஒன்று இங்கே கிடையாது. நம் மெரினாவில் சுண்டலும் பஜ்ஜியும்தான் கிடைக்கும். அதற்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா வந்தது ஞாபகம் இருக்கும். கூண்டு எண் ஏற ஏறப் பெரிய கப்பல்களையே துறைமுகத்திலிருந்து கடலுக்குள் அனுப்பிவிடுவார்கள், உள்ளே நின்றால் கரையில் மோதி உடையும் என்பதால். உங்கள் 38 அடி எம்மாத்திரம்? ஏப்ரல், மே மாதங்களிலும் வங்கக் கடலில் புயல் உருவாகும். இந்தியாவில் ஒழுங்கான மரினா வேண்டுமென்றால் கொச்சியில் போல்காட்டித் தீவில் இருக்கிறது. ஆனால் இங்கிருந்து அங்கே போக இலங்கையைச் சுற்ற வேண்டும். பாம்பனில் புதுப் பாலம் மேலே தூக்கினாலும், கீழே இருக்கும் ஆழத்தை நம்பிக் கீல் உள்ள படகுக்குத் திட்டம் போடாதீர்கள்.

வாங்கவும் வைத்திருக்கவும் சரியான இடம் லங்காவி அல்லது தாய்லாந்தின் புக்கெட். இரண்டும் புயல் பாதைக்குத் தெற்கே இருக்கின்றன. பாதி உலகைச் சுற்றி வந்த வயதான தம்பதிகள் பலர் அங்கே வந்து நிற்கிறார்கள். மேற்கே செங்கடல் வழி பயமாக இருக்கிறது, ஊரில் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது, முழங்கால் வலிக்கிறது. படகை விற்றுவிட்டு விமானம் ஏறுகிறார்கள். அந்தப் படகில் சோலார், தானியங்கிச் சுக்கான், கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி, உதிரிப் பாகம் நிரம்பிய பெட்டி எல்லாம் ஏற்கெனவே இருக்கும். நேற்று வரை இரண்டு கிழவர்கள் ஓட்டிய படகு என்றால் என் மனைவியின் இரண்டு மணிக் கேள்விக்கு அங்கே பதில் தயாராக இருக்கிறது. பாதி ராத்திரியில் பாயை எப்படிச் சுருக்குவீர்கள் என்று அந்தப் பாட்டியம்மாவையே கேளுங்கள். செய்து காட்டுவார்.

பருவமும் அங்கிருந்து தொடங்கத்தான் வசதி. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்று நிதானமாக அடிக்கும். புக்கெட்டிலிருந்து போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம், ஏறத்தாழ 400 கடல் மைல். ஒரு நாளைக்கு 120 மைல் என்று வைத்தால் மூன்றரை நாள், காற்று பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ வரும். சென்னையிலிருந்து கிளம்பினால் போர்ட் பிளேருக்கு 740 மைல், ஆறு நாள், அதே காற்று முகத்தில் அறையும். முதல் பயணத்திலேயே பிள்ளைகள் ஆறு நாள் வாந்தி எடுத்தால் ஏழாம் நாள் படகு விற்பனைக்கு வந்துவிடும்.

நம் கரைக்கு ஒருநாள் ஓட்டிக்கொண்டு வரத்தான் வேண்டும் என்றால், ஜனவரி, பிப்ரவரியில் வாருங்கள், பகலில் கரையை நெருங்குங்கள். விளக்கில்லாத ஃபைபர் போட்டும் மிதக்கும் வலையும் கரையிலிருந்து பல மைல் தூரம் பரவியிருக்கும். மீனவர்கள் பிழைப்பு அது, வழிவிட வேண்டியது நாம்தான்.

சட்டத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பழைய படகில் பெரும்பாலும் ஒரு இரிடியம் சாட்டிலைட் போன் இருக்கும். அனுமதி இல்லாமல் துரையாவையோ இரிடியத்தையோ இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். தெரியாமல் கொண்டுவந்து கைதானவர்கள் உண்டு. அந்தமானும் இந்தியாதான் என்பதைப் புக்கெட்டிலிருந்து கிளம்பும் முன் நினைவில் வையுங்கள். வரியும் லேசுப்பட்டதல்ல. 2025 செப்டம்பர் முதல் உல்லாசப் படகுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், இறக்குமதி என்றால் சுங்கத் தீர்வை தனி. அதனால்தான் படகை இங்கே நிரந்தரமாகக் கொண்டுவரும் எண்ணத்தையே விடச் சொல்கிறேன். பணம் அனுப்புவதற்கு ரிசர்வ் வங்கித் திட்டத்தில் ஒருவருக்கு வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரம்பு. பத்து லட்சத்தைத் தாண்டும் தொகையில் 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இல்லை. எந்த நாட்டுக் கொடியில் பதிவது என்பதை ஆடிட்டரிடமும் வங்கியிடமும் பேசி முடித்த பிறகு முன்பணம் கொடுங்கள். பழைய பதிவை ரத்து செய்த சான்றிதழ் கைக்கு வராமல் வேறு கொடியில் பதிவது கஷ்டம்.

ஒரு கோடியை இப்படிப் பிரிப்பேன். படகுக்கு 50 லட்சம், அதிகபட்சம் 55. வாங்கிய ஆறு மாதத்துக்குள் கம்பி, பாய், பேட்டரி, லைஃப் ராஃப்ட் சர்வீஸ் என்று 15 லட்சம் போகும். எவ்வளவு நல்ல படகானாலும் போகும். காப்பீடு, கரையேற்றும் செலவு, சாப்பாடு, விசா, விமான டிக்கெட் என்று இரண்டு வருஷத்துக்கு 20 லட்சத்தை இழுத்துப் பிடித்து ஓட்டலாம். மீதியைத் தொடாதீர்கள், இன்ஜின் அதைக் கேட்கும் நாள் வரும். நீங்கள் பார்த்த 45 அடிக்கு விலை மலிவாக இருக்கலாம், ஆனால் அதை ஓடவைக்கும் செலவு இந்தக் கணக்குக்குள் அடங்காது.

பிள்ளைகள் படிப்புக்குத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது இடுப்புக் கயிறு. துறைமுகத்தை விட்டதும் நால்வருக்கும் (அப்பாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்) ஹார்னஸ், இருட்டிய பிறகு இன்னொருவரை எழுப்பாமல் காக்பிட்டை விட்டு யாரும் முன்னே போகக் கூடாது. என் படகில் இந்த ஒரு விதிக்கு மட்டும் நான் கத்துவேன்.

பணம் கொடுப்பதற்கு முன் நீங்களும் மனைவியும் இங்கேயே சின்னப் படகில் ஆறு மாதம் பழகுங்கள். கவிழ்ந்து எழுந்தால்தான் காற்று புரியும். பிறகு புக்கெட்டிலோ லங்காவியிலோ பிரிட்டனின் பாய்மரப் படகுச் சங்கமான ஆர்.ஒய்.ஏ. நடத்தும் டே ஸ்கிப்பர் என்ற படகோட்டிப் பயிற்சி வகுப்பு, இருவரும். ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டு மற்றவர் சமையலைப் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாட்டில் கிளம்பிய இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். இரண்டு படகும் முதல் வருஷத்திலேயே விற்பனைக்கு வந்தன.

கடைசியாக அப்பா. எழுபது வயதில், ஆடும் படியில் இறங்கி, கையால் பம்ப் அடிக்கும் கழிப்பறைக்கு நடுராத்திரியில் போகச் சொல்வது பாவம். மருத்துவமனைக்கு மூன்று நாள் தூரத்தில் ரத்த அழுத்த மாத்திரையை எண்ணிக்கொண்டிருப்பதும் அப்படித்தான். அவருக்காகத் தனி அறை தேடித்தான் 45 அடிக்குப் போயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த அறையின் விலையில் இருபது தடவை விமான டிக்கெட் எடுக்கலாம். நீங்கள் கடல் வழியாகப் போர்ட் பிளேர் சேர்ந்து, நங்கூரம் போட்டு, குளித்து, நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு போன் செய்யுங்கள். மீனம்பாக்கத்தில் காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு உங்களோடு இருப்பார். வரும்போது வடுமாங்காயும் கறிவேப்பிலையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கே பத்து நாள் தீவுத் தீவாகப் பகலில் மட்டும் ஓட்டுங்கள், ராத்திரி அவர் நடுக்கூடத்து பெஞ்சில் படுத்துக்கொள்ளட்டும்.